கேட்டிலிருந்து கதவு வரைக்கும்

சென்னையின் அருங்காட்சியகங்களையும் கோட்டையையும் நூலகங்களையும் நினைவில்லங்களையும் கலைக்கூடங்களையும் பொறுப்பேற்று நடத்துகிற உங்கள் எல்லோருக்கும், கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரி முதல் கேட்டில் விசிலோடு நிற்கும் காவலர் வரை, வணக்கம்.

உங்களிடம் வருகிறவர் யார் என்பதிலேயே உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். சுற்றுலாப் பயணி என்று ஓர் ஆளை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏற்பாடுகள் செய்கிறீர்கள். அவருக்குத் தொப்பி இருக்கிறது, கேமரா இருக்கிறது, இறக்கிவிட ஏசி வேன் இருக்கிறது, எத்தனை படி வைத்தாலும் ஏறுகிற கால் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களும் வருகிறார்கள்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று, வரிசையில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா, பேரனுக்குக் காது குத்த வந்த ஆச்சி, கண் ஆபரேஷன் ஆகி மறுபடி காட்டிப்போக வந்த சித்தப்பா, மகள் பிரசவத்துக்கு வந்து மாதக்கணக்கில் ஃபிளாட்டுக்குள்ளேயே கிடக்கிற அம்மா. ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே மதுரையிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ டிக்கெட் எடுத்துச் சென்னைக்கு வருகிறவர் குறைவு. ஒரு காரியமாக வருவார்கள். காரியம் முடிந்ததற்கும் ராத்திரி ரயிலுக்கும் நடுவில் ஒரு பகல் மிஞ்சும். 'இவ்வளவு தூரம் வந்துட்டு ஒண்ணும் பாக்காம போறதா' என்று அந்தப் பகலில் நாங்கள் அவர்களை உங்களிடம் கூட்டிவருகிறோம்.

அந்தப் பகல் எந்த மாதத்தில் வாய்க்கிறது? தீபாவளி ஐப்பசியில். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தங்கள். டிசம்பரில் அரையாண்டு விடுமுறை, சபாக் கச்சேரிகள். சொந்தக்காரர்கள் வருகிற அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கிற மழையில் பாதிக்கும் மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே மழை நாளில் வருகிற விருந்தாளி தப்பித் தவறி வந்தவர் இல்லை. உங்கள் வழக்கமான விருந்தாளியே அவர்தான். உங்கள் இடங்களோ வருஷம் பூராவும் ஏப்ரல் மாதம் என்ற நினைப்பில் திறந்திருக்கின்றன.

புயல் நாட்களைச் சொல்லவில்லை. சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் கதவைச் சாத்துங்கள், நாங்களும் வீட்டில் இருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. யாரும் வீரம் காட்ட வேண்டியதில்லை. நான் சொல்வது சாதாரண மழை நாளை. விடியற்காலையில் தூறும், பத்தரைக்கு வலுக்கும், மத்தியானம் அரை மணி நேரம் வெளிவாங்கும், மறுபடி பிடிக்கும். பஸ் ஓடும், ஆபீஸ் உண்டு, பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பது மட்டும் டிவியில் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு நாளில்தான் அத்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அத்தைக்கு ஸ்ரீவைகுண்டம். முழங்கால் வலிக்கு இங்கே ஒரு டாக்டரிடம் காட்ட வந்திருந்தார். "கடலு எங்க பக்கமும் இருக்கு, கடை திருநெல்வேலி டவுன்லயும் இருக்கு. இங்க மட்டும் இருக்கத காட்டுட்டி" என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஒரே வாக்கியத்தில் மெரினாவும் மாலும் அடிபட்டுப் போயின. எழும்பூர் மியூசியத்துக்குப் போனோம்.

1851இல் தொடங்கிய இடம். பழைய மெட்ராஸ்காரர்கள் அதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. மழை நாளில் ஒரு மியூசியம் எப்படி மாறிப்போகிறது என்பது அங்கே வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கூட்டம் இல்லை. பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறவர் இல்லை. வெளியே கொட்டுவதால் கிளம்பவும் அவசரம் இல்லை. வெயில் நாளில் கடந்துபோய்விடுகிற கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கத் தோன்றுகிறது. இரும்பு ஆயுதங்களும் வெண்கலப் பாத்திரங்களும் இருந்த ஒரு பெட்டிக்கு முன்னால் அத்தை நின்றுவிட்டார். ஆதிச்சநல்லூர் என்று போட்டிருந்தது.

"நம்ம பரம்புல எடுத்ததுல்லா இது! இம்புட்டு தூரம் வந்து கெடக்கு, பாத்தியாட்டி."

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆதிச்சநல்லூர் சைக்கிளில் போகிற தூரம். சின்ன வயதில் அந்தப் பரம்பு மேட்டில் ஆடு மேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறாராம். தரையில் புதைந்த முதுமக்கள் தாழியின் வாய் வட்டமாகத் தெரியும், காலை வைக்காதே என்று பெரியவர்கள் அதட்டுவார்களாம். இவையெல்லாம் நூறு வருஷத்துக்கும் முன்னால் அலெக்சாண்டர் ரீ என்கிற துரை தோண்டி எடுத்தவை, அவருக்கும் முன்னால் 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் எடுத்தவை பெர்லினுக்கே போய்விட்டன என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அப்பம் இது கிட்டத்துலதான் இருக்கு" என்றார். அந்தக் கூடத்து ஊழியர் எழுந்து வந்து, தன் நாற்காலியை அத்தைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, பரம்பு மேட்டைப் பற்றி அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றார். கூட்ட நாளில் இது நடக்குமா?

பிறகு மெட்ரோவில் உயர் நீதிமன்றம் வரை போய்க் கோட்டை. 1680இல் வழிபாட்டுக்குத் திறந்த தூய மேரி தேவாலயத்தில் ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்தது என்றேன். அத்தைக்கு அதில் அக்கறை இல்லை. கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். 1792 உடன்படிக்கையின்போது திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகள் ஆங்கிலேயரிடம் பிணையாக ஒப்படைக்கப்படுகிற காட்சியை அதில் செதுக்கியிருக்கிறார்கள். "பிள்ளையள அடகு வச்சா கணக்கு முடிச்சானுவ?" என்று கேட்டார். நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

இதையெல்லாம் உங்களைப் பாராட்டத்தான் எழுதுகிறேன். உள்ளே நீங்கள் வைத்திருப்பவை அப்படிப்பட்டவை. மழை அவற்றைப் பார்க்க வேண்டிய வேகத்துக்கு எங்களை இழுத்துப் பிடிக்கிறது. என் புகார் உள்ளே இருப்பதைப் பற்றியது அல்ல. உள்ளே வந்து சேருவதைப் பற்றியது.

மறுநாளும் மழை. மறுநாள் போன இடங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள், 'நல்லவேளை, நாம் இல்லை' என்று மடலை மடித்து வைத்துவிடுவீர்கள். நான் சொல்லப்போகிற குறைகளில் ஒன்றாவது உங்களில் பெரும்பாலானோர் வாசலில் இருக்கும். வேறு வேறு சொந்தக்காரர்களோடு வந்தபோதும் நான் பார்த்தவைதான் இவை.

ஆட்டோ கேட்டில் நிறுத்தப்பட்டது. "வண்டி உள்ள விடக்கூடாதும்மா, ஆர்டர்." கட்டடமோ நல்ல தூரம் தள்ளி இருக்கிறது. அதன் முகப்பில் ஒரு போர்ட்டிகோ, அதற்குக் கீழே ஒரு வண்டிகூட இல்லை. முழங்கால் மடக்க முடியாத பெண்மணியை மழையில் இறக்கி நடக்கவைத்துவிட்டு அந்தப் போர்ட்டிகோ காலியாக, காய்ந்து, நிற்கிறது. பாதி வழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. போன வருஷமும் அங்கேதான் தேங்கியிருக்கும், ஏனென்றால் தாண்டிப் போக ஏற்கெனவே செங்கல் போட்டு வைத்திருக்கிறார்கள். செங்கல்லுக்குச் செங்கல் தாவுவது இருபது வயதுக்காரர்களுக்கு விளையாட்டு. அத்தை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

கதவுக்கு வந்ததும் குடைப் பிரச்சினை. குடை உள்ளே அனுமதி இல்லை. சரி, தரை நனையும், பொருள்கள் கெடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வைப்பதற்கு ஒரு தாங்கியும் இல்லை, டோக்கனும் இல்லை. சுவரோரம் குவியலாகக் கறுப்புக் குடைகள். திரும்பி வந்தபோது எங்கள் குடை இல்லை. "இருக்கிறதுல ஒண்ண எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் காவலர். நல்ல மனிதர், அவரால் முடிந்த தீர்வு அது. "அடுத்தவ குடைய எடுக்கவா ஸ்ரீவைகுண்டத்துலேருந்து வந்தேன்?" என்று அத்தை மறுத்துவிட்டார். இருவரும் நனைந்துகொண்டே கேட்டுக்கு நடந்தோம்.

உள்ளேயோ வழவழப்பான கல் தரை, ஒரு சாக்குகூடப் போடவில்லை. மூன்று அறைகளுக்குக் குறுக்கே கயிறு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒழுகுகிற இடத்தில் வாளி. டிக்கெட் என்னவோ முழு டிக்கெட். மூடியிருக்கிறது என்று கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆள் வராத நாள் என்று சில கூடங்களில் விளக்கையே அணைத்திருந்தார்கள், கேட்டபிறகு போட்டார்கள். உட்கார இடம் இல்லை. கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால், திறந்தவெளியைத் தாண்டி. அறுபதைத் தாண்டிய பெண்கள் ஏன் வெளியே கிளம்பிய நாளில் தண்ணீர் குடிப்பதில்லை என்று எந்த டாக்டரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் 'மழைன்னா அப்படித்தான்' என்ற ஒரு வார்த்தையில் நீங்கள் மூடிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மழை இந்த ஊருக்குப் புதுசா? உங்களில் பலர் உட்கார்ந்திருக்கிற பழைய கட்டடங்களைக் கட்டியவர்களுக்கே மழை தெரிந்திருந்தது. அகலமான வராந்தா எதற்கு? சாரல் அறைக்குள் வராமல் இருக்கவும் வெயில் சுவரில் படாமல் இருக்கவும். போர்ட்டிகோ எதற்கு? குதிரை வண்டி நேரே படிக்கட்டுக்கு வந்து நிற்கும், குதிரை நனைந்தாலும் இறங்குகிறவர் நனைய மாட்டார். 1908இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையத்தில் கார் நடைமேடை ஓரம் வரை வந்து நின்ற காலம் இருந்தது. அந்த மரியாதையெல்லாம் துரைமாருக்கும் ஜமீன்தார்களுக்கும் செய்தது என்பது எனக்கும் தெரியும். இப்போது கட்டடம் நம்முடையது. அந்த மரியாதையை ஸ்ரீவைகுண்டத்து அத்தைக்கு மாற்றிக் கொடுப்பதில் என்ன தடை?

பாதுகாப்பு என்பீர்கள். நியாயம்தான், ஆட்டோவை நிறுத்திச் சோதியுங்கள், பையைத் திறந்து பாருங்கள். சோதித்து முடித்தபிறகு, முதியவரோ நடக்க முடியாதவரோ உள்ளே இருந்தால், போர்ட்டிகோ வரை விடுங்கள். இறக்கிவிட்டு வெளியே போக ஓர் ஆட்டோவுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பாரம்பரியக் கட்டடம், புதிதாக ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி வேண்டும் என்பீர்கள். அதுவும் சரி. ஆணி அடிக்கச் சொல்லவில்லையே. காவலர் அறையில் நாலு பெரிய குடை வைப்பதற்கு எந்தத் துறையின் அனுமதி வேண்டும்? பணம் இல்லை என்பீர்கள். சாக்கு, குடைத் தாங்கி, டோக்கன், பெஞ்சு, 'இன்று இந்த மூன்று அறைகள் மூடப்பட்டுள்ளன' என்று சாக்கட்டியால் எழுத ஒரு கரும்பலகை. இவற்றுக்கு டெண்டர் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

செய்ய முடியாது என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் இதே ஊரில் செய்து காட்டியிருக்கிறார்கள். 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில், சுரங்க நிலையத்தில் பெட்டியை விட்டு இறங்கி லிஃப்டில் ஏறித் தெருவுக்கு வரும் வரை அத்தை மேல் ஒரு சொட்டு விழவில்லை. மெரினாவில் சக்கர நாற்காலி போவதற்கென்று 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதை உடைத்தது. 'கடற்கரைன்னா அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் சரிசெய்தார்கள். மணலிலேயே அது முடியுமென்றால் தார் ரோட்டில் முடியாதா? பொதுக் கட்டடங்கள் எல்லோரும் வந்துபோகத் தக்கதாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. உங்களில் சிலரிடம் சக்கர நாற்காலி உண்டு, பார்த்திருக்கிறேன். பூட்டிய அறையில், மேலே பழைய பேனர்களோடு. சாவி வைத்திருப்பவர் அன்று லீவு.

விடுமுறை என்றதும் இன்னொன்று. எழும்பூர் மியூசியத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கும் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய். கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். மயிலாப்பூர்க் கோயில் மத்தியானம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிற குடும்பத்துக்கு இதற்கென்று தனிப் பஞ்சாங்கம் தேவைப்படுகிறது. நாளை மாற்றச் சொல்லவில்லை, உங்களுக்கும் ஓய்வு வேண்டும். மழை நாளில் மட்டும், இன்று திறந்திருக்கிறதா, எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு தொலைபேசி வேண்டும். எடுக்கப்படுகிற தொலைபேசி.

உங்களுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துக்கொண்டு போய்விட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர், ரோடு இல்லை, கரண்ட் இல்லை, வெளியிலிருந்து உதவி வந்து சேர நாட்கள் ஆயின. பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டு சமைத்து, முன்பின் தெரியாத பயணிகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான். யாரும் ஆர்டர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவரைத்தான் நீங்கள் கேட்டில் இறக்கி, செங்கல் மேல் நடக்கச் சொல்கிறீர்கள். என் கோபத்துக்குக் காரணம் இதுதான், மறைப்பானேன்.

அதனால் கேட்கிறேன். வருகிற ஐப்பசி பிறப்பதற்குள், கேட்டிலிருந்து கதவு வரைக்கும் உள்ள அந்தத் தூரத்தையும் உங்கள் காட்சிக்கூடங்களில் ஒன்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு பொறுப்பாளரை வையுங்கள். முதல் மழைக்கே எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அவர் போய்ப் பார்க்கட்டும், அங்கே மண் போட்டு மேடாக்கட்டும். நடக்க முடியாதவரின் வண்டியைப் போர்ட்டிகோவுக்கு விடுமாறு காவலருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் அவரை மாட்டிவிடுவீர்கள். சக்கர நாற்காலியைக் கேட்டுக்குப் பக்கத்தில் பூட்டாமல் வையுங்கள். கூடத்துக்கு ஒரு பெஞ்சாவது போடுங்கள். ஆள் குறைந்த நாளில்தான் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள், அன்று விளக்கை அணைக்காதீர்கள். கழிப்பறைக்குப் போகிற வழிக்குத் தகரக் கூரையாவது போடுங்கள், அழகு கெட்டால் கெடட்டும். அத்தையை டாக்டர் கார்த்திகையில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள், அன்றும் மழை பெய்யும்.

ஆலோசனைக் கூட்டம் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கும் மழைக்காலத்தில் ஊரிலிருந்து யாராவது வருவார்கள். அவர்களில் வயதில் மூத்தவரைக் கூட்டிக்கொண்டு, அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, ஆபீஸ் வண்டியை விட்டுவிட்டு, நல்ல மழையில் ஓர் ஆட்டோ பிடித்து, உங்கள் இடத்துக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள். கேட்டில் இறங்கச் சொன்னால் இறங்குங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலை, நான் எழுதியதைவிட நீளமாக, சாயங்காலம் நீங்களே எழுதிவிடுவீர்கள்.

இப்படிக்கு,
ஊரிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும் ஒரு சென்னை வீட்டுக்காரி